புட்டியிலிருந்து டின்னுக்கு: ஆஸ்கர் புளூஸ் ஆலையும் கிராஃப்ட் பீரின் கலம் மாறிய விதமும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரின் அடிவாரத்தில், லயன்ஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ இரண்டாயிரம். 2002ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அவ்வூரின் உணவகம் ஒன்று, தானே காய்ச்சிய பேல் ஏல் வகை பீரை அலுமினிய டின்னில் அடைத்து விற்பனைக்கு வைத்தது. உணவகத்தின் பெயர் ஆஸ்கர் புளூஸ். பீரின் பெயர் டேல்ஸ் பேல் ஏல். சிறு ஆலைகளில் கவனத்தோடு காய்ச்சப்படும் கிராஃப்ட் பீர் என்றால் அது பழுப்புக் கண்ணாடிப் புட்டியில்தான் வர வேண்டும் என்று காய்ச்சுபவரும் குடிப்பவரும் ஒருசேர நம்பியிருந்த காலம் அது. இன்று அந்த நாட்டின் பீர் ரசிகர்கள் ஆலை வாசலில் வரிசையில் நின்று வாங்கிச் செல்லும் பீர்களில் பெரும்பாலானவை டின்னில் வருகின்றன. கசப்பும் மணமும் மிகுந்த இந்தியா பேல் ஏல் வகையான ஐ.பி.ஏ. புதிதாகப் புட்டியில் வரக் கண்டால் அனுபவமுள்ள ரசிகர் சற்றுத் தயங்கவே செய்வார்.

இந்த மாற்றத்துக்குக் காரணமாக வழக்கமாகச் சொல்லப்படுபவை விலையும் எடையும். இரண்டும் உண்மை. ஆனால் அவை மட்டுமே காரணமாக இருந்திருந்தால் கிராஃப்ட் பீர் இயக்கம் தொடங்கிய நாளிலேயே எல்லோரும் டின்னைத் தேர்ந்திருப்பார்கள், ஏனெனில் அன்றும் டின் புட்டியைவிட இலேசாகத்தான் இருந்தது. என் கணிப்பில், சிறு ஆலைக்கு எட்டும் விலையில் டின் அடைக்கும் இயந்திரம் வந்ததும், ரசிகர்களின் விருப்பம் ஹாப்ஸ் என்ற கொடிப்பூவின் மணம் மிகுந்த, சில வாரங்களிலேயே பொலிவிழக்கும் பீர்களின் பக்கம் சாய்ந்ததும் அடுத்தடுத்து நிகழ்ந்ததால்தான் புட்டி பின்வாங்கியது. முதலாவதை லயன்ஸ் ஊரிலும் இரண்டாவதை வெர்மாண்ட் மாநிலத்தின் வாட்டர்பரியிலும் தெளிவாகக் காணலாம்.

டின்னுக்கு இருந்த கெட்ட பெயர்

பீர் டின்னுக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. நியூஜெர்சியின் நியூவர்க் நகரிலிருந்த காட்ஃப்ரிட் க்ரூகர் ஆலை, அமெரிக்கன் கேன் நிறுவனம் செய்து கொடுத்த டின்களில் தன் பீரை அடைத்து, 1935 ஜனவரி 24 அன்று வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் விற்பனைக்கு விட்டது. அதே ஆண்டின் இறுதியில் வேல்ஸ் நாட்டின் ஃபெலின்ஃபோயல் ஆலையும் டின்னில் பீரை அடைத்தது. பக்கத்து ஊரான லனெல்லி தகரத் தகடு உற்பத்திக்குப் பேர்போனது என்பதால் அங்கே அது உள்ளூர்த் தொழிலுக்குக் கைகொடுக்கும் செயலாகவும் இருந்தது. அன்றைய டின்கள் எஃகினால் ஆனவை. திறக்கத் தனிக் கருவி வேண்டும். பீர் உலோகத்தைத் தொடாதபடி உட்புறம் பூசும் பூச்சைக் கண்டுபிடிப்பதே அப்போது பெரிய சவாலாக இருந்தது. 1959இல் கொலராடோவின் கோல்டன் நகரைச் சேர்ந்த கூர்ஸ் நிறுவனம் அலுமினிய டின்னைக் கொண்டுவந்தது. திறக்கும் வளையம் 1960களில் வந்தது. டின்னிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் இன்றைய திறப்பு 1975இல் வந்தது.

தொழில்நுட்பம் இப்படி முன்னேறிய அதே காலத்தில் பீரின் தரம் எதிர்த்திசையில் போயிற்று. ஊருக்கு ஊர் இருந்த ஆலைகள் மூடப்பட்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய பெருநிறுவனங்களின் நீர்த்த லாகர் பீர் நாடு முழுவதையும் நிரப்பியது. அந்த பீர் பெரும்பாலும் டின்னில் வந்தது. அதை எதிர்த்துத்தான் கிராஃப்ட் பீர் இயக்கமே எழுந்தது. 1976இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய நியூ ஆல்பியன், 1980இல் வந்த சியரா நெவாடா போன்ற முன்னோடி ஆலைகள் புட்டியை எடுத்துக்கொண்டதற்குப் பணமும் ஒரு காரணம்: புட்டியைக் கையாலேயே நிரப்பி மூடிவிட முடியும். ஆனால் காலப்போக்கில் புட்டி ஒரு கொள்கை அடையாளமாகிவிட்டது. போஸ்டன் பீர் நிறுவனத்தின் நிறுவனர் ஜிம் காக் 2005ஆம் ஆண்டில், பீர் குடிப்பவரின் உரிமைகள் என்று ஒரு பட்டியலை வெளியிட்டபோது, பீர் டின்னில் அல்லாமல் புட்டியில் தரப்பட வேண்டும் என்பதையும் அதில் சேர்த்திருந்தார்.

இதற்கு முன்பே முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷ் நகரில் மிட்-கோஸ்ட் என்ற சிறு நிறுவனம் 1991இலேயே சீஃப் ஆஷ்காஷ் ரெட் லாகர் என்ற பீரை டின்னில் கொண்டுவந்தது. சில ஆண்டுகளிலேயே நிறுவனம் மூடப்பட்டது. சொந்தமாக ஆலை இல்லாமல் இன்னொரு ஆலையில் காய்ச்சி அடைத்து வாங்க வேண்டியிருந்த நிறுவனம் அது. டின்னில் நல்ல பீர் இருக்க முடியும் என்று கடைக்காரருக்கும் குடிப்பவருக்கும் எடுத்துச் சொல்லும் சுமையும் அதன் தலைமேலேயே விழுந்தது.

லயன்ஸ் ஊரில் நடந்தது

ஆஸ்கர் புளூஸ் உணவகத்தை 1997இல் தொடங்கியவர் டேல் கட்டீக்கிஸ். அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் படித்தபோதே வீட்டில் பீர் காய்ச்சிப் பழகியவர். டேல்ஸ் பேல் ஏலின் வேர் அந்த மாணவப் பருவத்துச் சோதனைகளில் இருக்கிறது. உணவகத்தில் பீர் காய்ச்சத் தொடங்கியது 1999இல்.

கனடாவின் கால்கரி நகரில் இருக்கும் காஸ்க் புரூயிங் சிஸ்டம்ஸ் நிறுவனம், சிறு ஆலைகளுக்கென்று கையால் இயக்கும் டின் அடைப்பு இயந்திரத்தை வடிவமைத்து, வாங்குபவர்களைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த நிறுவனம் தம்மை அணுகியபோது டின்னில் கிராஃப்ட் பீரா என்று சிரித்ததாகக் கட்டீக்கிஸ் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிறகு வாங்கிப் பார்த்தார். அவருடைய கணக்கில் டின் ஒரு விளம்பரப் பொருளாகவே இருந்தது: மலையேற வருபவர்களும் ஆற்றில் படகு விடுபவர்களும் சைக்கிளில் காட்டுப் பாதைகளில் போகிறவர்களும் முதுகுப்பையில் டின்னை எடுத்துப் போவார்கள், பேரைப் பார்த்து உணவகத்துக்கு வருவார்கள் என்பதே எதிர்பார்ப்பு. கண்ணாடிக்குத் தடை உள்ள ஆற்றங்கரைகளுக்கும் டின்னைக் கொண்டுபோகலாம். குடித்து முடித்ததும் நசுக்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். அந்த நிலப்பகுதியின் வாழ்க்கை முறைக்கு டின் இயல்பாகவே பொருந்தியது.

அந்த முதல் இயந்திரத்தின் வேலையைச் சற்று அருகில் நின்று பார்த்தால்தான் இது எவ்வளவு உடலுழைப்பைக் கேட்ட முயற்சி என்பது புரியும். இயந்திரம் ஒரு மேசை அளவே. தொழிலாளி காலி டின்னை நீரால் அலசிக் குழாய்களுக்கு அடியில் வைப்பார். முதலில் கரியமில வாயு உள்ளே பாய்ந்து காற்றை வெளியே தள்ளும். பிறகு குளிர்ந்த பீர் டின்னின் அடியிலிருந்து மேலாக நிரம்பி, கடைசியில் வெண்ணுரை விளிம்பைத் தாண்டி வழியும். அந்த நுரை அடங்குவதற்குள் மூடியை நுரையின் மீதே கையால் வைக்க வேண்டும். நுரைக்கும் மூடிக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அங்கே காற்று இருக்கிறது என்று பொருள். மூடி வைத்த டின்னை அடுத்த பகுதிக்கு நகர்த்தினால், சுழலும் உருளைகள் மூடியின் விளிம்பை டின்னின் விளிம்போடு சேர்த்து முதலில் சுருட்டும், பின் அழுத்தி இறுக்கும். அதன் பிறகு மேலே வழிந்த பீரைக் கழுவி, துடைத்து, ஆறு ஆறாகக் கோத்து அடுக்க வேண்டும். ஒவ்வொரு டின்னுக்கும் இத்தனை வேலை.

பீர் சாதாரணமானதாக இருந்திருந்தால் இது ஒரு வேடிக்கைச் செய்தியாக முடிந்திருக்கும். டேல்ஸ் பேல் ஏல் 6.5 சதவீத மதுச்செறிவும் 65 கசப்பு அலகும் கொண்டது; அந்நாளைய பேல் ஏல்களோடு ஒப்பிட்டால் நல்ல வலுவான பீர். 2005இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் சுவைக் குழு, எது எந்த பீர் என்று தெரியாமல் அமெரிக்க பேல் ஏல்களை ருசித்து வரிசைப்படுத்தியபோது இதற்கே முதலிடம் தந்தது. கோப்பையில் ஊற்றப்பட்ட பீரைச் சுவைத்தவர்களுக்கு அது டின்னிலிருந்து வந்ததா புட்டியிலிருந்து வந்ததா என்பது தெரியாது. கலத்தைப் பற்றிய முன்முடிவை நீக்கிவிட்டால் என்ன மிஞ்சும் என்பதற்கு இதைவிட நேர்மையான சோதனை இருக்க முடியாது.

ஆஸ்கர் புளூஸ் அத்தோடு நிற்கவில்லை. 8 சதவீத ஓல்ட் சப் என்ற ஸ்காட்டிஷ் வகை ஏலையும், 10.5 சதவீத டென் ஃபிடி என்ற கரிய இம்பீரியல் ஸ்டவுட்டையும் டின்னிலேயே அடைத்தது. டின் என்றால் வெயிலுக்குக் குடிக்கும் இலேசான பீர் மட்டும்தான் என்ற எண்ணத்தை இந்த இரண்டு பீர்களும் மறுத்தன. 2008இல் பெரிய ஆலை பக்கத்து ஊரான லாங்மாண்டில் அமைந்தது. 2012 டிசம்பரில் வடக்குக் கரோலினாவின் பிரெவர்டில் இன்னொன்று வந்தது.

மற்ற ஆலைகளும் பின்தொடர்ந்தன. மினசோட்டாவின் சர்லி, சான் பிரான்சிஸ்கோவின் டுவென்டி ஃபர்ஸ்ட் அமெண்ட்மென்ட் ஆகியவை 2006இலேயே டின்னில் வந்தன. 2010களின் தொடக்கத்திலிருந்து டின் அடைப்பு இயந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு ஆலை ஆலையாகச் சென்று ஒரே நாளில் அடைத்துக் கொடுக்கும் வாடகைச் சேவைகள் பெருகின. இயந்திரம் வாங்கப் பணமோ அதை வைக்க இடமோ இல்லாத ஆலைக்கும் இதனால் டின் எட்டியது. பரவலுக்கு இந்தச் சேவைகள் செய்த உதவியை இத்துறையின் வரலாற்றைச் சொல்பவர்கள் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம்.

ஒளி, காற்று, ஹாப்ஸ்

ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பையும் மணத்தையும் தரும் கொடியின் பூ. காய்ச்சும்போது அதிலிருந்து பிறக்கும் ஐசோ-ஆல்ஃபா அமிலங்களே கசப்புக்கு மூலம். பீரின் மீது ஒளி, குறிப்பாக நீலமும் அதற்கு அப்பாலுள்ள புற ஊதாவும் படும்போது, பீரில் இயற்கையாகவே உள்ள ரிபோஃபிளேவின், அதாவது பி2 வைட்டமின், அந்த ஆற்றலை உள்வாங்கி இந்த அமிலங்களை உடைக்கிறது. உடைந்த துண்டு பீரிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு சேர்ந்து 3-மெத்தில்-2-பியூட்டீன்-1-தயால் என்ற பொருளாகிறது. ஸ்கங்க் என்ற விலங்கு தற்காப்புக்குப் பீய்ச்சும் திரவத்தில் உள்ள பொருட்களுக்கு இது நெருங்கிய உறவு. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். நல்ல வெயிலில் தெளிந்த கண்ணாடிக் கோப்பையில் வைத்த பீர் சில நிமிடங்களிலேயே இந்த நாற்றத்தைப் பெறக்கூடும். பழுப்புக் கண்ணாடி இந்த ஒளியில் பெரும்பகுதியைத் தடுக்கும். பச்சைக் கண்ணாடி கொஞ்சமே தடுக்கும். நிறமற்ற கண்ணாடி ஏறக்குறைய எதையும் தடுப்பதில்லை. நிறமற்ற புட்டியில் விற்கும் சில பெரிய நிறுவனங்கள், ஒளியால் இவ்வாறு உடையாதபடி மாற்றியமைக்கப்பட்ட ஹாப்ஸ் சாற்றைப் பயன்படுத்துவது இதனால்தான். டின்னுக்குள் ஒளி புகாது. அங்கே இந்தச் சிக்கலுக்கே இடமில்லை.

ஒளியைவிட மெதுவான, ஆனால் பீரைக் காதலிப்பவரை அதிகம் ஏமாற்றும் எதிரி ஆக்சிஜன். புட்டியின் உலோக மூடிக்கு உள்ளே இருக்கும் நெகிழி வளையத்தின் வழியே காற்று மிக நுண்ணிய அளவில், ஆனால் இடைவிடாமல் உள்ளே கசிகிறது. அந்த வளையம் ஹாப்ஸ் மணப்பொருட்களில் சிலவற்றை உறிஞ்சிக்கொள்ளவும் செய்கிறது. டின்னில் மூடியின் விளிம்பும் உடலின் விளிம்பும் ஒன்றை ஒன்று கவ்வி ஐந்து அடுக்கு உலோகமாக மடிந்திருக்கும். இடையில் பசை போன்ற ஓர் அடைப்புப் பொருளும் உண்டு. இரட்டை மடிப்பு எனப்படும் இந்த இணைப்பு சரியாக அமைந்தால் கசிவுக்கு வழியே இல்லை. நல்ல ஆலைகளில் குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு டின்னை எடுத்து, மடிப்பை அறுத்துப் பிரித்து, கொக்கி போல மடிந்த விளிம்புகளின் நீளத்தையும் ஒன்றின் மீது ஒன்று படியும் அளவையும் அளந்து பதிவேட்டில் எழுதுகிறார்கள். குடிப்பவர் கண்ணில் ஒருபோதும் படாத இந்த வேலையில் சோம்பல் காட்டும் ஆலையின் பீர் எவ்வளவு அருமையாகக் காய்ச்சப்பட்டிருந்தாலும் சரியாக வந்து சேராது.

ஆனால் டின்னைப் புகழ்பவர்கள் அடிக்கடி விட்டுவிடும் ஒரு விஷயம் உண்டு. டின்னுக்குள் வெளியிலிருந்து காற்று புகாது. அடைக்கும் நொடியில் உள்ளே புகுந்த காற்று வெளியேறவும் செய்யாது. டின்னின் வாய் புட்டியின் கழுத்தைவிடப் பல மடங்கு அகலம். ஆகவே நிரப்பும்போது காற்று கலக்கும் வாய்ப்பும் அதிகம். பெரிய ஆலைகள் அடைத்த பீரிலுள்ள ஆக்சிஜனை நூறு கோடியில் ஐம்பது பங்குக்குக் கீழே வைக்க முயல்கின்றன; மலிவான சிறிய இயந்திரங்களில் அது சில நூறு பங்குகளைத் தொட்டுவிடுவது எளிது. அப்படி அடைத்த பீரில் முதலில் ஹாப்ஸின் எலுமிச்சை, மாம்பழ, பைன் மணங்கள் மங்கும். பிறகு தேனைப் போன்ற மந்தமான இனிப்பு எழும். இன்னும் போனால் நனைந்த அட்டைப் பெட்டியின் வாசனை வரும். சூடான கிடங்கில் வைத்தால் இவை எல்லாம் இன்னும் விரைவாக நடக்கும். டின்னில் வந்தது என்பதால் மட்டும் ஒரு பீர் புதிதாக இருக்கும் என்று நம்புவது தவறு. அடிப்பக்கத்தில் அச்சிட்ட அடைப்புத் தேதியும், கடை அதைக் குளிர்பெட்டியில் வைத்திருந்ததா என்பதும் கலத்துக்குச் சமமான முக்கியத்துவம் உடையவை.

டின் பீரில் உலோக வாடை அடிக்கிறது என்ற பழைய புகாருக்கும் இங்கே பதில் சொல்லிவிடலாம். உட்புறப் பூச்சு சில மைக்ரான் தடிமனே ஆனாலும் பீரையும் அலுமினியத்தையும் பிரித்து வைக்கிறது. வாடையாக உணரப்படுவது உதடும் மூக்கும் விளிம்பு உலோகத்தை ஒட்டி இருப்பதால் வருவது. கோப்பையில் ஊற்றினால் அது மறைந்துவிடும். அந்தப் பூச்சு நெடுங்காலமாக பிஸ்பீனால்-ஏ கொண்டு செய்யப்பட்ட எபாக்ஸியாக இருந்தது என்பதும், அதன் உடல்நல விளைவு குறித்த கவலையால் டின் தயாரிப்பாளர்கள் அண்மை ஆண்டுகளில் மாற்றுப் பூச்சுகளுக்கு நகர்ந்திருக்கிறார்கள் என்பதும் அறிந்திருக்க வேண்டியவை.

ஹெடி டாப்பர்

அமெரிக்க ரசிகர்களின் விருப்பம் எப்படி நகர்ந்தது என்பதற்கு, வீட்டில் பீர் காய்ச்சுவோர் சங்கத்தின் இதழான சைமர்ஜி நடத்தும் வாக்கெடுப்பு நல்ல சான்று. 2009 முதல் 2016 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அதில் முதலிடம் பெற்றது கலிஃபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் ஆலையின் பிளைனி தி எல்டர் என்ற இரட்டை ஐ.பி.ஏ. 2017இல் அதை முந்தியது மிச்சிகனின் பெல்ஸ் ஆலையின் டூ ஹார்ட்டட், அதுவும் ஐ.பி.ஏ.தான். பிளைனியின் புட்டிச் சீட்டிலேயே, இது சேமித்து வைக்கும் பீர் அல்ல, புதிதாகக் குடியுங்கள் என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கும். மதுவை முதிர வைத்துப் பெருமைப்படும் மரபுக்கு நேர் எதிரான ஒரு சுவை மரபு இங்கே உருவாகிவிட்டது.

இந்த மரபின் உச்சம் ஹெடி டாப்பர் என்ற பீர். ஜான் கிம்மிக், ஜென் கிம்மிக் தம்பதி வெர்மாண்டின் வாட்டர்பரியில் 2003இல் தி ஆல்கெமிஸ்ட் என்ற மதுக்கூடத்தைத் திறந்தார்கள். ஜான், பர்லிங்டன் நகரின் வெர்மாண்ட் பப் அண்ட் புரூயரியில் கிரெக் நூனனிடம் தொழில் கற்றவர். அங்கிருந்து வந்த, பின்னாளில் கோனன் என்று பெயர்பெற்ற ஈஸ்ட்டைக் கொண்டே ஹெடி டாப்பரைக் காய்ச்சினார். 8 சதவீத மதுச்செறிவு, வடிகட்டாதது, பாஸ்டரைஸ் செய்யாதது. அந்த ஈஸ்ட் ஹாப்ஸோடு சேர்ந்து தரும் பீச் பழ மணமும், அடியில் தேங்காமல் மிதக்கும் மங்கலும் பிற்காலத்தில் மங்கல் ஐ.பி.ஏ. என்ற தனி வகையாகவே ஆயின. சிறு ஆலைகளின் அமைப்பான புரூயர்ஸ் அசோசியேஷன் 2018இல் அதைத் தன் வகைப்பட்டியலில் சேர்த்தது.

நெடுநாள் அந்த பீர் மதுக்கூடத்தில் மட்டும் கிடைத்தது. டின்னில் அடைத்து விற்பதற்கான தனி ஆலையைக் கிம்மிக் தம்பதி அதே ஊரில் அமைத்துக்கொண்டிருந்தபோது, 2011 ஆகஸ்ட் 28 அன்று ஐரீன் புயல் வெள்ளம் வாட்டர்பரியைத் தாக்கியது. மதுக்கூடம் நீரில் அழிந்தது. வெள்ளம் எட்டாத இடத்திலிருந்த புதிய ஆலையிலிருந்து சில நாட்களிலேயே முதல் டின்கள் வெளிவந்தன. இருந்த தொழில் முழுவதும் ஒரே இரவில் டின்னின் மீது வந்து அமர்ந்தது என்றே சொல்ல வேண்டும். 473 மில்லி கொள்ளும் அந்த உயரமான டின்களைத் தேடிப் பக்கத்து மாநிலங்களிலிருந்தெல்லாம் கார்கள் வந்தன. ரசிகர்களின் மதிப்பீட்டுப் பட்டியல்களில் பீர் உலகின் முதலிடத்துக்குப் போனது. போக்குவரத்து நெரிசலைக் குறித்து அக்கம்பக்கத்தார் முறையிட்டதால் 2013இல் ஆலைவாசல் கடையையே மூட வேண்டி வந்தது. 2016இல் ஸ்டோவ் ஊரில் புதிய ஆலை திறந்த பிறகே மக்கள் மீண்டும் ஆலையில் நேரடியாக வாங்க முடிந்தது.

ஹெடி டாப்பர் டின்னின் விளிம்பிலேயே, டின்னிலிருந்தே குடியுங்கள் என்று அச்சிட்டிருக்கும். ஊற்றினால் மணம் பறந்துவிடும் என்பது ஜான் கிம்மிக்கின் வாதம். இதில் எனக்கு உடன்பாடில்லை. மணம் பறக்க வேண்டிய இடம் மூக்குதான். சிறிய துளை வழியே குடிக்கும்போது அந்த பீரின் சிறப்பில் பாதி மூக்குக்கு எட்டாமலே தொண்டைக்குள் போய்விடுகிறது. ஆனாலும் அந்த வாசகத்தின் விளைவை மறுக்க முடியாது. நாட்டிலேயே அதிகம் விரும்பப்பட்ட பீர், டின்னைப் பற்றி மன்னிப்புக் கேட்காமல், டின்னை விட்டு நகராதே என்று கட்டளையிட்டது. அதற்குப் பின் வந்த மாசசூசெட்ஸின் ட்ரீ ஹவுஸ் போன்ற மங்கல் ஐ.பி.ஏ. ஆலைகள் அதே 473 மில்லி டின்னை எடுத்துக்கொண்டு, தங்கள் வாசலிலேயே நேரடியாக விற்றன. இவ்வகை பீர் ஆக்சிஜனிடம் மிகவும் தோற்கக்கூடியது. கொஞ்சம் அதிகம் புகுந்தாலும் பொன்னிறம் சாம்பல் கலந்த பழுப்பாக மாறிவிடும். காய்ச்சிய சில நாட்களில் அடைத்து, அடைத்த சில நாட்களில் வாசலில் விற்றுத் தீர்ப்பது அந்த பீரின் இயல்பே கேட்ட வழி.

பெரிய ஆலைகள்

பெரிய கிராஃப்ட் ஆலைகள் இதற்குள் மனம் மாறியிருந்தன. நியூ பெல்ஜியம் ஆலை 2008இல் தன் ஃபேட் டயர் பீரை டின்னில் தந்தது. சியரா நெவாடா 2012 வாக்கில் வந்தது. 2005இல் புட்டியை உரிமையாக அறிவித்த ஜிம் காக், 2013இல் தன் நிறுவனத்தின் சாமுவேல் ஆடம்ஸ் பீரை டின்னில் கொண்டுவந்தார்; வாய் சற்று அகலமாகவும் விளிம்பு வெளிப்புறம் விரிந்தும் இருக்கும் தனி டின் வடிவத்தை இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து உருவாக்கிய பிறகே அதைச் செய்தார். வெளிப்படையாகச் சொன்ன கருத்தை வெளிப்படையாக மாற்றிக்கொண்டது மதிக்கத்தக்கது.

டின்னுக்கு ஒத்துவராதவை

எல்லா பீருக்கும் டின் ஏற்றதல்ல. புட்டிக்குள்ளேயே மீண்டும் நொதித்து அழுத்தம் கூடும் பெல்ஜிய ஏல்களுக்குத் தடித்த கண்ணாடியும் தக்கையும் இன்றும் பொருத்தமானவை. பக்கச் சுவர் 0.1 மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள டின், ஓர் எல்லைக்கு மேல் உள்ளழுத்தத்தைத் தாங்காது. நொதிக்காத பழக்கூழை மிகுதியாகச் சேர்த்த புளிப்பு பீர்களைச் சில ஆலைகள் பாஸ்டரைஸ் செய்யாமல் டின்னில் அடைத்தபோது, குளிர்பெட்டிக்கு வெளியே வைக்கப்பட்ட டின்கள் மீண்டும் நொதித்து உப்பி வெடித்திருக்கின்றன. இது அழகுப் பிரச்சினையல்ல, குடிப்பவரின் பாதுகாப்புப் பிரச்சினை. எச்சரிக்கை வாசகம் அச்சிட்டுவிட்டால் ஆலையின் கடமை முடிந்தது என்று நான் கருதவில்லை.

சுற்றுச்சூழல் வாதத்திலும் நிதானம் வேண்டும். 355 மில்லி டின் சுமார் 13 கிராம். அதே அளவு புட்டி சுமார் 200 கிராம். லாரியில் ஏற்றிச் செல்லும்போது இந்த வேறுபாடு எரிபொருளில் தெரியும். பழைய அலுமினியத்தை உருக்கிப் புதிதாக்க, தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 சதவீதம் போதும். ஆனால் குப்பையில் போன டின்னுக்கு ஈடாகப் புதிய அலுமினியம் எடுக்க பாக்சைட் சுரங்கமும் பெருமளவு மின்சாரமும் வேண்டும். ஜெர்மனியைப் போலப் புட்டியைத் திரும்பப் பெற்றுக் கழுவி மீண்டும் மீண்டும் நிரப்பும் ஏற்பாடு நன்றாக வேரூன்றிய நாட்டில், குறுகிய தூரத்துக்குள் விற்கும் ஆலை புட்டியை விட்டு வருவதற்குக் காரணம் இல்லை.

டின் உற்பத்தியாளரின் பிடி

கண்ணாடிப் புட்டி எந்த ஆலைக்கும் ஒன்றே; சீட்டை மட்டும் மாற்றி ஒட்டினால் போதும். அச்சிட்ட டின் அப்படியல்ல. ஒவ்வொரு பீருக்கும் தனி அச்சு, ஒவ்வோர் அச்சுக்கும் குறைந்தபட்ச ஆர்டர். ஒரு லாரி நிறைய டின் என்றால் ஏறத்தாழ 2 லட்சம். சிறு ஆலைக்கு அதுவே ஓராண்டுக்கும் மேலான இருப்பாக இருக்கலாம். 2020இல் பெருந்தொற்றால் மதுக்கூடங்கள் மூடப்பட்டு, பீப்பாயில் விற்ற பீர் எல்லாம் டின்னுக்கு வந்தபோது நாடு முழுவதும் டின் தட்டுப்பாடு ஏற்பட்டது. 2021 இறுதியில், அமெரிக்காவின் மிகப் பெரிய டின் உற்பத்தியாளரான பால் (Ball) நிறுவனம், தன்னோடு ஒப்பந்தம் இல்லாத வாடிக்கையாளர்களுக்கான குறைந்தபட்ச ஆர்டரை ஓர் அச்சுக்கு ஒரு லாரியிலிருந்து ஐந்து லாரியாக, அதாவது சுமார் 10 லட்சம் டின்னாக, உயர்த்துவதாக அறிவித்தது. புரூயர்ஸ் அசோசியேஷன் இதை வெளிப்படையாகக் கண்டித்தது. ஆஸ்கர் புளூஸ் காலத்தில் சிறு இயந்திரம் திறந்துவிட்ட கதவு, டின்னை வாங்கும் இடத்தில் பாதி மூடிக்கொண்டது. உலோகத்தின் விலை மேலும் ஒரு சுமை: இறக்குமதி அலுமினியத்துக்கு அமெரிக்கா 2018இல் 10 சதவீத வரி விதித்தது, 2025இல் அது 25 சதவீதமாகி, அதே ஆண்டு ஜூனில் 50 சதவீதமானது.

ஆஸ்கர் புளூஸும் இதற்குள் சிறு ஆலையாக இல்லை. 2015இல் முதலீட்டு நிறுவனம் ஒன்று உள்ளே வந்தது; பின் ஃபுளோரிடாவின் சிகார் சிட்டி உள்ளிட்ட ஆலைகளோடு கேனார்க்கி என்ற கூட்டாக வளர்ந்தது; 2022இல் அந்தக் கூட்டு முழுவதையும் மான்ஸ்டர் பெவரேஜ் நிறுவனம் 33 கோடி டாலருக்கு வாங்கியது.

அச்சிட்ட டின்னை வாங்க முடியாத ஆலைகள் இப்போது வெற்று வெள்ளி டின்களை வாங்கி, அவற்றின் மீது காகிதச் சீட்டையோ, சூட்டில் சுருங்கி இறுகும் நெகிழி உறையையோ ஒட்டுகின்றன. இதனால் ஐம்பது பெட்டி மட்டுமே காய்ச்சும் ஒரு புதிய பீருக்கும் தனி உருவம் கொடுக்க முடிகிறது. வாரத்துக்கு ஒரு புதிய பீர் தேடும் இன்றைய ரசிகருக்கு அது பிடித்தும் இருக்கிறது. ஆனால் டின் ஒன்றுக்கு ஆகும் செலவு கூடுகிறது, ஒட்டும் வேலைக்கு ஆள் வேண்டும், நெகிழி உறை சுற்றிய டின் உருக்கு உலைக்குப் போகும்போது புகையும் கழிவும் தந்து மறுசுழற்சிக்காரருக்குத் தொல்லையாகிறது. வெற்று டின்னின் மீது நேரடியாக டிஜிட்டல் முறையில் அச்சிட்டுத் தரும் நிறுவனங்கள் சில ஆண்டுகளாக வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வந்துகொண்டிருக்கின்றன. சில ஆயிரம் டின்களுக்கும் அவை ஆர்டர் எடுக்கின்றன. அந்த விலை சீட்டு ஒட்டும் செலவுக்கு அருகில் இறங்கினால், மேசை இயந்திரத்தோடு தொடங்கும் அடுத்த சிறு ஆலைக்கு டின்னை வாங்கும் இடத்திலும் வழி கிடைக்கும்.